வெளிநோக்கித் திறந்த கதவுகள்: உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் (1842–1910)

எமது கல்லூரி அன்னை நூறு அகவை காணும் இந்நன்னாளில், பழைய மாணவியராகிய நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர்கள் பலர். கைபிடித்து எழுதப் பழக்கிய ஆசிரியைகள், கல்லூரியைக் கட்டி வளர்த்த அதிபர்கள், நகையை அடகு வைத்தும் எம்மைப் படிப்பித்த பெற்றோர் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களைப் பற்றி இம்மலரின் ஏனைய பக்கங்கள் பேசும். நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது எமது கல்லூரி வாசலை ஒருபோதும் மிதித்திராத ஒருவரைப் பற்றி.

ஆயினும் அவர் எமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். எம்மில் ஆசிரியப் பணிக்குச் சென்றவர்கள் கலாசாலையில் கல்வி உளவியல் குறிப்பு எழுதியபோது அவர் பெயரையும் எழுதியிருக்கிறோம். தமிழ் இலக்கியம் கற்றவர்கள் நனவோடை உத்தி என்ற தொடரை அறிவோம். எண்ணங்கள் மணிமணியாகக் கோத்த மாலை போன்றவை அல்ல, ஓயாமல் ஓடும் நீரோடை போன்றவை என்ற கருத்தை உளவியலில் நிலைநிறுத்தியவர் அவரே. அமெரிக்க உளவியலின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் ஜேம்ஸ்தான் அவர்.

பரீட்சைக்காக நாம் படித்த குறிப்பில் அவருக்கு இரண்டு வரிகளே இருந்தன. அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால், வாழ்க்கையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நோயில் கிடந்த ஓர் இளைஞர் இருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் இருந்தார். இதயம் பழுதாகும் வரை மலையேறிய ஒருவர் இருந்தார். பல்கலைக்கழகம் கதவைச் சாத்திய வேளையில், ஒரு பெண்ணுக்குத் தன் எதிரே கதிரை போட்டுக் கற்பித்த ஓர் ஆசிரியரும் இருந்தார். பெண் கல்விக்கென எழுந்த ஒரு கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவரை நினைப்பதற்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

இளமைக் காலம்

வில்லியம் ஜேம்ஸ் 1842 ஜனவரி 11 ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பாட்டனாரின் பெயரே பேரனுக்கும் வைக்கப்பட்டது. தந்தையார் ஹென்றி ஜேம்ஸ் இளவயதில் தீக்காயத்தால் ஒரு காலை இழந்தவர். சமயத் தத்துவங்களைச் சிந்திப்பதிலும் எழுதுவதிலும் வாழ்நாளைச் செலவிட்டவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் வில்லியம். அவருக்கு அடுத்தவரான ஹென்றி ஆங்கில நாவல் இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றார். கடைக்குட்டியான தங்கை அலிஸ் நோயாளியாகவே வாழ்ந்து மறைந்தவர். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது.

தந்தையார் பிள்ளைகளை ஒரு பாடசாலையில் நிலைக்க விட்டதில்லை. ஜெனீவா, லண்டன், பரிஸ், ஜேர்மனியின் பொன் நகர் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பல மொழிகளைக் கற்றார்கள், ஓவியக் கூடங்களையும் நூதனசாலைகளையும் கண்டார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தந்தையோடு சரிசமமாக வாதாடினார்கள். ஆனால் ஒன்றில் ஊன்றி நிற்கும் பழக்கம் வில்லியத்துக்கு எளிதில் வரவில்லை. பழக்கத்தின் வலிமையைப் பற்றி உலகமே மெச்சும் ஓர் அத்தியாயத்தைப் பிற்காலத்தில் எழுதியவர், இளமையில் அதற்காக ஏங்கியவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பதினெட்டு வயதில் ஓவியராக வேண்டும் என்று புறப்பட்டார். ஓராண்டுக்குள் அதனைக் கைவிட்டு, 1861 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கச் சேர்ந்தார். பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். 1865 இல் லூயி அகாசி என்ற புகழ்பெற்ற இயற்கை விஞ்ஞானியோடு பிரேசிலுக்குச் சென்று, அமேசன் நதியில் மீன் வகைகளைச் சேகரிக்கும் பணியில் உதவினார். போன இடத்தில் அம்மை நோய் கண்டது. கண்களும் பலவீனமடைந்தன. நாடு திரும்பி, உடல்நலம் தேடி ஜேர்மனிக்குச் சென்று, மீண்டும் வந்து 1869 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வைத்தியராக அவர் ஒருநாள்கூடத் தொழில் செய்யவில்லை.

இருண்ட நாட்கள்

பட்டம் கையில் இருந்தது. முதுகுவலியும் கண்நோவும் மனச்சோர்வும் கூடவே இருந்தன. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில் அவர் தகப்பன் வீட்டில் வெறுமனே இருந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்கூட அவரை அலைக்கழித்தது. 1870 மார்ச் மாதத்தில், அவர் மிகவும் மதித்த மாமன் மகள் போன்ற உறவினரான மினி டெம்பிள் காசநோயால் இளவயதிலேயே இறந்துபோனார்.

அடுத்த மாதம், பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனூவியேயின் நூலைப் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் தனது நாட்குறிப்பில் ஒரு தீர்மானத்தை எழுதினார். மனிதனுக்குத் தன் எண்ணத்தைத் தானே தெரிவு செய்யும் சுதந்திரம் உண்டு என்று நம்புவது, அந்தச் சுதந்திரத்தின் முதற் செயலாக அந்த நம்பிக்கையையே தெரிவு செய்வது என்பதே அத்தீர்மானம். அன்றோடு நோய் பறந்துவிடவில்லை. மனச்சோர்வு வாழ்நாள் முழுவதும் இடையிடையே வந்து போனது. ஆனால் கட்டிலை விட்டு எழுந்து அன்றைய நாளில் ஒரு சிறு வேலையையாவது செய்து முடிப்பது எப்படி என்பதை அவர் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். மனதின் துயரத்தை நூலில் மட்டும் படித்தறிந்தவராக அவர் இருக்கவில்லை. அவரது எழுத்தைப் படிக்கும் எவருக்கும் இது புரியும்.

1873 இல் ஹாவார்ட்டில் உடற்றொழிலியல் கற்பிக்கத் தொடங்கினார். நேரம் தவறாமல் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகள் முன் நிற்கவேண்டிய கட்டாயம் அவருக்கு மருந்தாயிற்று. ஆசிரியப் பணி செய்த எமக்கும் இது அனுபவத்தில் தெரிந்ததுதான். வீட்டுக் கவலையோடு வகுப்பறைக்குள் நுழைந்து, நாற்பது முகங்களைக் கண்டதும் அதை மறந்துபோன காலைகள் எத்தனை! 1875 இல் உளவியலை ஒரு பாடமாகக் கற்பிக்க ஆரம்பித்தார். அமெரிக்காவில் அந்தப் புதிய விஞ்ஞானத்துக்கு அதுவே தொடக்கம். தான் கேட்ட முதலாவது உளவியல் விரிவுரை தானே நடத்தியதுதான் என்று அவர் வேடிக்கையாகக் கூறுவாராம்.

இல்லறம்

பொஸ்ரன் நகரில் அலிஸ் கிப்பன்ஸ் என்றொரு பாடசாலை ஆசிரியை இருந்தார். தந்தையை இளமையில் இழந்தவர். தாயோடும் இரு தங்கையரோடும் வாழ்ந்து உழைத்தவர். அவரைக் கண்ட நாள் முதல் ஜேம்ஸின் மனம் அவரிடம் சென்றது. ஆனால் நோயாளியான தனக்குத் திருமணம் செய்யத் தகுதி உண்டா என்ற கேள்வி அவரை இரண்டாண்டுகள் வாட்டியது. ஈற்றில் 1878 ஜூலையில் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது 36.

திருமணத்துக்குச் சற்று முன்னர்தான், இரண்டு ஆண்டுகளில் உளவியல் நூலொன்றை எழுதித் தருவதாகப் பதிப்பாளர் ஒருவருக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார். புதுமணத் தம்பதியர் அடிரொண்டக் மலைத்தொடரின் கீன் பள்ளத்தாக்குக்குச் சென்றார்கள். அங்கே ஜேம்ஸ் சொல்லச் சொல்ல அலிஸ் எழுதினார். கண் பலவீனமான கணவருக்குக் கையாகவும் கண்ணாகவும் அவர் இருந்தார். இரண்டு ஆண்டில் முடியவேண்டிய நூல் முடிவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. 1890 இல் இரண்டு பாகங்களாக, ஏறத்தாழ 1400 பக்கங்களில் அது வெளிவந்தது. உளவியலின் தத்துவங்கள் என்ற அந்நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவன் ஹென்றி, இரண்டாமவன் வில்லியம், மூன்றாமவன் ஹேர்மன், பின்னர் மகள் பெகி, கடைசியாக அலெக்சாண்டர். இவர்களுள் ஹேர்மன் குக்கல் நோய் கண்டு, நுரையீரல் அழற்சியும் சேர, 1885 ஜூலையில் இறந்துபோனான். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது. தாய் அல்லும் பகலும் விழித்திருந்து பார்த்தும் பயன் இருக்கவில்லை. குக்கலுக்குத் தடுப்பூசி இல்லாத காலம் அது. எமது பாட்டிமார் ஒவ்வொருவரும் அப்படியொரு பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கண்கலங்கியதை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். ஜேம்ஸ் மருத்துவப் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டம் அன்று தன் பிள்ளைக்கு உதவவில்லை என்பதைத் தாங்கிக்கொண்டுதான் மீதி நூலை அவர் எழுதி முடித்தார்.

பிள்ளைகளை விட்டுத் தொலைவில் இருக்கும்போதெல்லாம் அவர் கடிதம் எழுதினார். அவற்றுள் ஒன்றை நாம் குறிப்பிட்டே ஆகவேண்டும். 1900 ஆம் ஆண்டில் அவர் நோயாளியாக ஐரோப்பாவில் தங்கியிருந்தார். பதின்மூன்று வயதான மகள் பெகி இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தனிமையும் மனவருத்தமும் அவளை வாட்டின. மகளைக் கண்டித்தோ, இதெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ளியோ அவர் எழுதவில்லை. உள்மனம் வளரும் வயதில் பலருக்கும் இப்படியான துயர அலை வரும் என்றும், வந்தது போலவே அது போய்விடும் என்றும் விளக்கினார். அப்படியான வேளையில் நாம் எம்மைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்போம், அதிலிருந்து வெளியேற வேண்டுமாயின் பிறரையும் பிற காரியங்களையும் நினைக்கவேண்டும் என்று வழியும் சொன்னார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தனக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும் என்று அவர் ஏங்கியதைத்தான் மகளுக்கு எழுதினார் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது எமது நோக்கம் அன்று. படபடப்பும் அமைதியின்மையும் அவரோடு பிறந்தவை. வீட்டில் கைக்குழந்தை இருக்கும்போதே பயணம் கிளம்பிவிடுவார். வீட்டையும் பிள்ளைகளையும் வந்துபோகும் விருந்தினரையும் தாங்கி நின்றவர் அலிஸ்தான். அவர் இல்லாவிட்டால் அந்த நூல்கள் இல்லை. புகழ்பெற்றவர்களின் வரலாற்றைப் பெண்களாகிய நாம் எழுதும்போது இந்த வரி விடுபட்டுப் போகக் கூடாது.

காடும் மலையும்

உடல்நோவும் மனச்சோர்வும் உள்ள ஒருவர் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடப்பார் என்றுதான் நாம் எண்ணுவோம். ஜேம்ஸ் நேர்மாறானவர். திருமணத்துக்கு முன்னரே நண்பர்களோடு சேர்ந்து கீன் பள்ளத்தாக்கில் ஒரு சிறு பண்ணையிடத்தை வாங்கியிருந்தார். விடுமுறை வந்தால் அங்கே போய் மலையேறுவார், காட்டில் நடப்பார், குளிர்ந்த ஓடையில் குளிப்பார். மூளைக்குக் காடுதான் உணவு என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

1886 இல், நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் சொக்கோறுவா மலையடிவாரத்தில் ஏரிக்கு அருகே ஒரு பழைய பண்ணை வீட்டைக் குடும்பத்துக்காக வாங்கினார். ஹேர்மன் இறந்து ஓராண்டே ஆகியிருந்தது. அந்த வீட்டில் பதினான்கு கதவுகள் இருக்கின்றன, அத்தனையும் வெளியே திறக்கின்றன என்று அவர் தங்கை அலிஸிடம் மகிழ்ந்து சொன்னதாக அவரது நாட்குறிப்பு கூறுகிறது. எந்த அறையில் இருந்தாலும் ஒரு கதவைத் தள்ளினால் புல்வெளி. பிள்ளைகள் அங்கே கோடைகாலம் முழுவதும் ஓடி விளையாடினார்கள்.

1898 ஜூலை. அவருக்கு வயது 56. நியூயோர்க் மாநிலத்திலேயே உயர்ந்த சிகரமான மார்சி மலைப் பக்கம் இளைஞர்களும் கல்லூரி மாணவியரும் அடங்கிய ஒரு குழுவோடு சென்று, சிறுத்தைக் கணவாய் என்று பொருள்படும் ஓரிடத்தில் காட்டில் இரவு தங்கினார். எல்லோரும் உறங்கிவிட்டார்கள். அவருக்கு உறக்கம் வரவில்லை. மரங்களுக்கிடையே நிலவு காய்ந்தது. எழுந்து காட்டினுள் நடந்தார். மனைவியின் நினைவும் பிள்ளைகளின் நினைவும், எடின்பரோவில் தான் ஆற்றவேண்டியிருந்த சமயம் பற்றிய விரிவுரைகளின் சிந்தனையும் ஒன்றோடொன்று கலந்து, சொல்லில் அடங்காத ஒரு நிறைவு தன்னுள் பொங்கியதாக அவர் மனைவிக்கு எழுதினார். குடும்பம், இயற்கை, கல்வி என்று அவர் வாழ்வின் மூன்று பற்றுகளும் அந்த ஓர் இரவில் ஒன்றாக நின்றன. சமய அனுபவங்களின் வகைகள் என்று 1902 இல் வெளிவந்த அவரது பெருநூலின் ஊற்றுக்கண்களில் ஒன்று அந்த இரவு என்று ஆய்வாளர் கூறுவர்.

அந்த மகிழ்ச்சிக்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. உறக்கமில்லாத இரவுக்கு மறுநாள் முதுகில் பொதியோடு பல மணிநேரம் சிகரங்களில் ஏறி இறங்கினார். இதயம் பழுதடைந்தது. அடுத்த ஆண்டு அதே மலைப்பகுதியில் வழிதவறி அலைந்ததால் நோய் முற்றியது. இரண்டு ஆண்டுகள் ஐரோப்பாவில் வைத்தியம் செய்துகொண்டு, பெரும்பாலும் கட்டிலில் இருந்தபடியே விரிவுரைகளை எழுதினார். முன்போல மலையேற அவரால் முடியவே இல்லை.

ஆயினும் வெளியுலகின் மீதிருந்த ஆசை குன்றவில்லை. 1906 ஏப்ரல் 18 ஆம் திகதி அதிகாலை சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது, அவர் அருகிலிருந்த ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கட்டில் ஆட, அலுமாரி விழ, அவருக்கு அச்சத்தைவிட வியப்பே மேலோங்கியதாம். அன்றே, தங்கையைத் தேடித் துடித்த லிலியன் மார்ட்டின் என்ற பெண் உளவியலாளருக்குத் துணையாக, எரிந்துகொண்டிருந்த நகருக்குப் புகைவண்டியில் சென்றார். வீடிழந்த மக்கள் எவ்வளவு விரைவாக ஒழுங்குபட்டார்கள் என்பதையும், துன்பத்தைத் தனியே அனுபவிப்பதைவிட எல்லோரும் சேர்ந்து அனுபவிக்கும்போது அது எவ்வாறு தாங்கக்கூடியதாகிறது என்பதையும் கண்டு எழுதினார். இடம்பெயர்ந்த காலத்திலும் ஆழிப்பேரலையின் பின்னும் பாடசாலைக் கட்டடங்களில் ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் குடித்த எமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

கணப்படுப்பின் இருபுறமும்

இனி, நாம் முதலில் குறிப்பிட்ட கதிரையின் கதைக்கு வருவோம்.

மேரி கல்கின்ஸ் என்பவர் பொஸ்ரனுக்கு அருகே வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் கிரேக்க மொழி கற்பித்த இளம் ஆசிரியை. உளவியல் கற்பிக்க ஒருவர் தேவை என்று கல்லூரி அவரைத் தெரிவு செய்தது. அதற்கு அவர் முதலில் உளவியல் கற்கவேண்டும். ஹாவார்ட் பெண்களைச் சேர்ப்பதில்லை. ஜேம்ஸ் தன் வகுப்புக்கு வரும்படி சொன்னார், பல்கலைக்கழகத் தலைவர் மறுத்தார். மேரியின் தந்தையார் மகளுக்காக விண்ணப்பம் எழுதினார். ஜேம்ஸும் சக பேராசிரியர் ரொய்சும் விடாது வற்புறுத்தினார்கள். 1890 ஒக்டோபரில், பதிவுபெற்ற மாணவியாக அல்ல, வெறும் விருந்தினராக வரலாம் என்று அனுமதி கிடைத்தது.

அவர் வகுப்புக்குச் சென்றார். அந்த வகுப்பில் இருந்த ஆண் மாணவர்கள் நால்வரும் ஆரம்ப வாரங்களிலேயே விலகிவிட்டார்கள். எஞ்சியவர் மேரி மட்டுமே. ஒரு மாணவிக்காக வகுப்பை நடத்த முடியாது என்று ஜேம்ஸ் சொல்லவில்லை. நூலறைக் கணப்படுப்பின் ஒரு புறம் அவர், மறுபுறம் மேரி. அப்போதுதான் அச்சிலிருந்து சூடு ஆறாமல் வந்திருந்த அந்தப் பெருநூலை நடுவில் வைத்துக்கொண்டு ஆசிரியரும் மாணவியுமாக வாதாடிப் படித்தார்கள்.

1891 இல் மேரி கல்கின்ஸ் வெல்லெஸ்லியில் உளவியல் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். தொடர்ந்து ஹாவார்ட்டில் ஆய்வு செய்து 1895 இல் கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சைக்குத் தோற்றினார். ஜேம்ஸ் உட்படப் பரீட்சகர் அனைவரும் பட்டம் வழங்கப் பரிந்துரைத்தார்கள். ஹாவார்ட்டில் தாம் கண்ட கலாநிதிப் பரீட்சைகளுள் அதுவே தலைசிறந்தது என்பது ஜேம்ஸின் கருத்து. பல்கலைக்கழகம் மறுத்தது. காரணம் அவர் பெண் என்பது மட்டுமே. பின்னர் 1902 இல் ரட்கிளிப் மகளிர் கல்லூரியின் பெயரில் பட்டம் தருவதாகச் சொன்னபோது, தான் படித்தது ஹாவார்ட்டில் என்று கூறி மேரி அதை ஏற்க மறுத்துவிட்டார். 1905 இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் முதலாவது பெண் தலைவரானார். 1930 இல் மறையும் வரை ஹாவார்ட் அவருக்கு அந்தப் பட்டத்தைத் தரவே இல்லை.

ஜேம்ஸால் அந்தப் பெரிய கதவை உடைக்க முடியவில்லை. அவரால் முடிந்தது, தன் கையில் இருந்த சிறிய கதவைத் திறந்ததுதான். ஆனால் அதன் வழியே சென்ற ஒருத்தி தன் பின்னால் எத்தனையோ மாணவியரை அழைத்துச் சென்றாள். எமது நாட்டிலும் பெண் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கியது. திண்ணையிலும் ஓலைக் கொட்டகையிலும் ஒரு சில பிள்ளைகள், ஒரு கதிரை, கற்பிக்க ஓர் உள்ளம்.

ஆசிரியர்களுக்கும் மாணவியருக்கும்

1892 முதல் ஜேம்ஸ் பாடசாலை ஆசிரியர்களுக்கு விரிவுரைகள் நடத்தினார். 1899 இல் அவை நூலாயின. உளவியல் ஒரு விஞ்ஞானம், கற்பித்தல் ஒரு கலை. விஞ்ஞானம் தன்னாலேயே கலையைப் பிறப்பித்துவிடாது, இடையில் ஆசிரியரின் சொந்தப் புத்தி வேலை செய்யவேண்டும் என்பதே அவற்றின் சாரம். உளவியல் தெரியாததால் தாம் நல்ல ஆசிரியர் அல்லவோ என்று கலங்கிய எத்தனையோ ஆசிரியைகளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே எதில் ஆர்வம் உண்டோ அதோடு புதியதை இணைத்துக் கற்பிக்கவேண்டும், நல்ல பழக்கங்களை இளமையிலேயே உடம்பில் ஊறச் செய்யவேண்டும் என்பவையும் அவர் வலியுறுத்தியவை.

அதே நூலில் மகளிர் கல்லூரி மாணவியருக்கு அவர் ஆற்றிய உரை ஒன்றும் உண்டு. எந்நேரமும் பதற்றத்தில் இறுகிப் போயிருக்கும் உடம்பும் மனமும் நல்ல வேலை செய்யா என்பதே அதன் பொருள். நோர்வே நாட்டுப் பெண்கள் பனிச்சறுக்குப் பழகி வெளியே சென்றதும் எவ்வளவு துணிவும் உற்சாகமும் பெற்றார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பரீட்சையில் சிறக்க விரும்பும் மாணவி முதல்நாள் புத்தகத்தை எறிந்துவிட்டு வெளியே விளையாடப் போகட்டும், அல்லது படுத்து உறங்கட்டும் என்ற அறிவுரையையும் அவர் ஆதரித்துச் சொன்னார். முன்கூட்டியே ஒழுங்காகப் படித்தவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்பதை எமது இன்றைய மாணவியருக்கு நினைவூட்டுகிறோம்! எனினும் பாடசாலை விட்டதும் ரியூசன், ரியூசன் விட்டதும் இன்னொரு ரியூசன் என்று ஐந்தாம் தரத்துப் பிள்ளையே ஓடும் இக்காலத்தில், அவர் சொன்னதைத் தாய்மாராகிய நாமும் ஒருமுறை காதில் போட்டுக்கொள்வது நல்லது. பின்னாளில் பெரும் எழுத்தாளரான கேட்ரூட் ஸ்ரைன், ரட்கிளிப்பில் படித்த காலத்தில், பரீட்சைத் தாளில் இன்றைக்கு எழுத மனமில்லை என்று குறித்துவிட்டு வெளியே போய்விட்டதாகவும், ஜேம்ஸ் அதைப் புரிந்துகொண்டு உயர்ந்த புள்ளியே வழங்கியதாகவும் எழுதியிருக்கிறார். அதை எமது மாணவியர் பின்பற்ற வேண்டாம்.

கீழைத்தேயச் சிந்தனைக்கும் அவர் மனம் திறந்தே இருந்தது. 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கும் வந்த சுவாமி விவேகானந்தரை அமெரிக்காவில் சந்தித்துப் பழகியவர் அவர். சுவாமிகளின் யோக விளக்கங்களைத் தனது சமய நூலில் எடுத்தாண்டிருக்கிறார். எமது நாட்டவரான அநகாரிக தர்மபாலர் ஒருநாள் ஹாவார்ட்டில் அவரது விரிவுரையைக் கேட்கச் சென்றபோது, காவியுடையைக் கண்டு அவரை முன்னே அழைத்துத் தனது இடத்தில் நின்று பேசச் செய்தார் என்றும் கூறுவர்.

இறுதிப் பயணம்

1907 இல் ஜேம்ஸ் ஓய்வு பெற்றார். 1909 இல் சிக்மண்ட் பிராய்ட் அமெரிக்கா வந்தபோது இருவரும் சேர்ந்து நடந்து சென்றார்கள். வழியில் ஜேம்ஸுக்கு நெஞ்சுவலி வந்தது. கையிலிருந்த பையைக் கொடுத்து, முன்னே நடந்துகொண்டிருங்கள், வலி அடங்கியதும் வருகிறேன் என்று அமைதியாகச் சொன்னாராம். அந்தத் துணிவை பிராய்ட் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1910 இல், நோயுற்றிருந்த தம்பி ஹென்றியைப் பார்க்க அலிஸோடு இங்கிலாந்து சென்றார். அங்கிருந்தபோது தன் நோயே முற்றிவிட்டது. வீடு போகவேண்டும் என்பதே அப்போது அவர் விருப்பம். மனைவியும் தம்பியும் அவரைக் கப்பலில் கூட்டிவந்து சொக்கோறுவா வீட்டில் சேர்த்தார்கள். பதினான்கு கதவுகள் கொண்ட அந்த வீட்டில், ஓகஸ்ட் 26 ஆம் திகதி, மனைவியின் கைகளில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 68.

நூறாண்டு கண்ட எமது கல்லூரியும் கதவுகள் பல கொண்ட ஒரு வீடுதான். அக்கதவுகள் உள்ளே வருவதற்காக மட்டும் அமைந்தவை அல்ல. உலகத்துக்குள் எம்மை அனுப்பியவையும் அவையே. எம்மில் சிலர் வைத்தியர்கள் ஆனோம், சிலர் ஆசிரியைகள் ஆனோம், பலர் வீட்டைத் தாங்கும் அலிஸ்கள் ஆனோம். எங்கோ ஒரு வகுப்பில் இன்றும் ஒரு பிள்ளை கடைசியாய் எஞ்சி இருப்பாள். அவளுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர எமக்கு நேரம் இருக்குமாயின், இந்த நூற்றாண்டு விழாவுக்கு அதைவிடச் சிறந்த காணிக்கை வேறில்லை.